இரண்டு கலாசாரங்களுக்கு நடுவே, கஷ்டத்தில் வளரும் மாணவரின் லட்சியம் எப்படி உருவாகிறது?

பல வீடுகளில் அது பெற்றோருக்கு மொழிபெயர்க்கும் வேலையில்தான் ஆரம்பிக்கிறது. மருத்துவர் சொல்வதைப் பத்து வயதுப் பிள்ளை அம்மாவுக்கு வீட்டு மொழியில் மாற்றிச் சொல்லும். 'கட்டி' என்ற சொல் வந்ததும் ஒரு நொடி தயங்கும்: அப்படியே சொல்வதா, மென்று விழுங்குவதா? அந்தப் பிள்ளை பிறகு மருத்துவமோ சட்டமோ படிக்க ஆசைப்பட்டால் எனக்கு வியப்பில்லை.

சோனியா சோட்டோமேயரைப் பாருங்கள். போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த பெற்றோருக்கு 1954இல் நியூயார்க்கில் பிறந்தவர். வீட்டில் ஸ்பானிஷ். சிறு வயதிலேயே நீரிழிவு நோய் வந்ததால் துப்பறிவாளர் ஆகும் கனவு போயிற்று. 9 வயதில் அப்பாவும் இறந்துவிட்டார். செவிலியரான அம்மா வளர்த்தார். அப்புறம் தொலைக்காட்சித் தொடரில் பார்த்த வழக்கறிஞர் புதுக் கனவானார். 2009இல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியானார்.

சரி, கஷ்டப்பட்டால் உயர்ந்துவிடலாமா? அப்படியெல்லாம் இல்லை. பணமுடை உள்ள வீட்டில் பிள்ளை சீக்கிரம் சம்பளம் தரும் படிப்பைத்தான் தேடும். ஓவியம் பிடித்திருந்தாலும் வாய் திறக்காது. கல்லூரி விண்ணப்பக் கட்டுரைக்காகக் கேட்கிறீர்கள் என்றால், பட்ட கஷ்டத்தையெல்லாம் அடுக்காதீர்கள். அந்த ஒரு நொடித் தயக்கம் மாதிரி ஒன்றை எழுதுங்கள்.