வாசகர் கேள்வி – பதில்: கொள்முதல் வேலையில் சேரலாமா?

கேள்வி: சிவில் பொறியியல் முடித்த எனக்கு ஒரு பெரிய கட்டுமான நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் வேலை கிடைத்துள்ளது. ‘சாமான் வாங்கவா இவ்வளவு படித்தாய்?’ என்கிறார் அப்பா. சேரலாமா?
– வாசகர், களியக்காவிளை

பதில்: தாராளமாகச் சேருங்கள். உங்கள் ஊருக்கு அருகில் கேரளத்திலுள்ள விழிஞ்ஞம் துறைமுகத்தையே அப்பாவுக்குச் சுட்டிக்காட்டலாம். 2015-இல் பணி தொடங்கிய அத்துறைமுகத்தின் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீள அலைத்தடுப்புச் சுவர் ஆண்டுக்கணக்கில் தாமதமானதற்குக் கருங்கல் தட்டுப்பாடும் ஒரு முக்கியக் காரணம். மலையில் கல் இருந்தால் மட்டும் போதாது. குவாரி உரிமம், கல்லை ஏற்றிச் செல்வதற்கான நடைச்சீட்டு, லாரி வாடகை அனைத்தும் கூடிவந்தால்தான் அது கடலோரம் வந்து சேரும்.

ஒப்பந்தப்புள்ளி கோருவதும் விலைகளை ஒப்பிடுவதும் இவ்வேலையின் ஒரு பகுதியே. கம்பிக்கட்டில் தொங்கும் தகட்டிலுள்ள உருக்கு எண் (கம்பி எந்த உருக்குத் தொகுதியில் செய்யப்பட்டது என்பதைக் காட்டும் ‘ஹீட் நம்பர்’) ஆலையின் சோதனைச் சான்றிதழோடு பொருந்துகிறதா, மூன்று மாதத்துக்கு மேல் கிடங்கில் கிடந்த சிமென்ட் மறுசோதனைக்கு அனுப்பப்பட்டதா என்றெல்லாம் பார்ப்பதற்கு நீங்கள் படித்த பொறியியல்தான் கைகொடுக்கும். எல்லையோர ஊர்க்காரரான உங்களுக்கு மலையாளமும் தெரிந்திருக்குமே, அது பெரிய பலம். விற்பனையாளர்கள் தரும் தீபாவளிப் பரிசுகளை மட்டும் முதல் ஆண்டிலேயே திருப்பி அனுப்பிவிடுங்கள். சேர்ந்ததும், அலுவலக மேசைக்கு முன்பாகச் சில மாதங்கள் பணித்தளக் கிடங்கில் பணியாற்ற வாய்ப்புக் கேளுங்கள்.