சனிக்கிழமை செக்கு ஓட்டாதவர்கள்

கேள்வி: மும்பையின் பெனே இஸ்ரேல் யூதர்கள் மராத்தி பேசுகிறார்கள், புடவை கட்டுகிறார்கள். ஊரோடு இவ்வளவு கலந்தும் யூதர்களாக எப்படி நீடித்தார்கள்?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: கொங்கணக் கரையில் அவர்கள் எண்ணெய் ஆட்டிப் பிழைத்தவர்கள். ஓய்வுநாளான சனிக்கிழமை செக்கு நிற்கும். அதனாலேயே ஊரார் அவர்களை 'ஷனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை வாணியர் என்று அழைத்தார்கள். எபிரேயப் படிப்பு அற்றுப்போன காலத்திலும் கடவுள் ஒருவரே என்னும் 'ஷெமா' மன்றாட்டு வாயில் இருந்தது. யூத விதி விலக்கிய, செதிலும் துடுப்பும் இல்லாத மீன் சட்டிக்குள் போகவில்லை. அதே கரையிலுள்ள நவ்காவ் ஊரருகே கப்பல் உடைந்து தங்கள் முன்னோரான 7 ஆணும் 7 பெண்ணும் கரையேறிய கதையைத் தலைமுறைதோறும் சொல்லி வந்தார்கள். பெயரைப் பாருங்கள்: 1796-இல் மும்பையின் முதல் யூத ஜெப ஆலயத்தைக் கட்டியவர் சாமுவேல் எசக்கியேல் திவேகர். ஊருக்கு அவரே சாமாஜி ஹசாஜி திவேகர்!

கேள்வி: அவர்களுடைய 'மலிதா' எப்படிச் செய்வது?
– வாசகி, கோவை

பதில்: கல்யாணம், புதுவீடு, நேர்ச்சை என எலியா தீர்க்கதரிசியை நினைத்துப் படைக்கும் அவல் தட்டு அது. கெட்டி அவல் 2 கப் எடுத்து, கழுவி உடனே வடித்து, 10 நிமிடம் மூடி வையுங்கள். தண்ணீரில் ஊறவிட்டால் கூழாகிவிடும். துருவிய தேங்காய் 1 கப், சர்க்கரை அரை கப், ஏலப்பொடி அரை தேக்கரண்டி, நறுக்கிய பாதாம், திராட்சை சேருங்கள். சர்க்கரையைக் கடைசியில்தான் போட வேண்டும். முன்பே போட்டால் நீர் விட்டுக்கொள்ளும். சுற்றிலும் பழங்களை அடுக்குங்கள்.

முக்கியமானது, உண்ணும் முன் இறைவனைப் போற்றி ஆசி சொல்லும் முறை. பேரீச்சைக்கு 'மரத்தின் கனி' என்று ஓர் ஆசி. வாழைப்பழத்துக்கோ 'நிலத்தின் கனி' என்று வேறோர் ஆசி. ஒரு குலை தள்ளியதும் சாய்கிற வாழையை யூத மரபு மரமாகக் கணக்கில் கொள்வதில்லை. அவலும் தேங்காயும் கொங்கணத்துடையவை, வாயில் வருவது எபிரேயம். ஒரே தட்டில் இரண்டும் இருப்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

கேள்வி: அவர்கள் கறிக்குழம்பில் தயிர் சேர்ப்பதில்லையாமே?
– வாசகி, நெல்லை

பதில்: ஆமாம். இறைச்சியோடு பால் பொருள் கூடாது என்பது அவர்கள் விதி. தேங்காய்ப்பால் அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது.

கேள்வி: இஸ்ரேலில் அவர்களை ஏற்க மறுத்தார்களா?
– வாசகர், சேலம்

பதில்: 1960-களின் தொடக்கத்தில், மற்ற யூதர்களை மணக்க வேண்டுமானால் முன்னோர் வழியை விசாரிக்க வேண்டும் என்றது அங்குள்ள தலைமை மதகுருபீடம். அவமானம் தாங்காமல் போராடினார்கள். எல்லா வகையிலும் அவர்கள் முழு யூதர்களே என்று 1964-இல் அரசு அறிவித்தது. அங்கும் மலிதா தட்டு தொடர்கிறது.