முதலில் கடை போர்டைப் பாருங்கள்

பழைய ஊர்ப் படங்களைப் பற்றி எழுதினாலும் எழுதினேன், கடிதங்கள் குவிந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல இடமில்லை, அடிக்கடி கேட்கப்பட்டவற்றை மட்டும் எடுத்திருக்கிறேன்.

கேள்வி: அப்பாவின் டிரங்குப் பெட்டியில் எங்கள் தெருவின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று கிடைத்தது. ஒரு மளிகைக் கடை, கை ரிக்‌ஷா, வாசலில் நாலைந்து பேர். தேதி எதுவும் இல்லை. எந்த வருடத்துப் படம் என்று தெரிந்துகொள்ள வழி உண்டா?
- வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: உண்டு, ஆனால் எல்லாரும் செய்கிற மாதிரி முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தால் கிடைக்காது. முதலில் கடை போர்டைப் பாருங்கள். லை, ளை, ணை, னை எல்லாம் இப்போதுபோல முன்னால் இணைக்கொம்பு இல்லாமல், தலைமேல் யானைத் துதிக்கை மாதிரி வளைந்திருக்கிறதா? அப்படியானால் அது அநேகமாக 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் எழுதிய போர்டு. 'சென்னை' என்ற ஒரு சொல் இருந்தாலே போதும், அதிலேயே விடை இருக்கிறது. ஒரே சிக்கல், நம் கடைக்காரர்கள் போர்டைச் சுலபத்தில் மாற்ற மாட்டார்கள். துதிக்கை எழுத்தோடு தொண்ணூறுகள்வரை தொங்கிய போர்டுகளை நானே பார்த்திருக்கிறேன், அதனால் போர்டுக்கு வயது சொல்லலாம், படத்துக்குச் சொல்ல இன்னொரு சாட்சி வேண்டும்.

அந்தச் சாட்சி உங்கள் படத்திலேயே நிற்கிறது. கை ரிக்‌ஷாவைக் கலைஞர் அரசு 1973ல் ஒழித்தது. வண்டியை மனிதர் கையால் இழுத்துக்கொண்டு போகிறார் என்றால் படம் அதற்குப் பிந்தியதாக இருக்க வாய்ப்பு குறைவு. மிதிக்கிற ரிக்‌ஷா என்றால் இந்தக் கணக்கு செல்லாது, நன்றாகப் பாருங்கள். கடையில் விலை எழுதிய சிலேட்டு ஏதாவது தொங்கினால் பூதக்கண்ணாடி வையுங்கள். அணா என்றிருந்தால் பழசு, நயா பைசா என்றிருந்தால் 1957 ஏப்ரலுக்குப் பிறகு.

அப்புறம் படத்தைத் திருப்புங்கள். பலர் இதைச் செய்வதே இல்லை! ஸ்டூடியோ ரப்பர் ஸ்டாம்பு இருந்து, அதில் 'சென்னை-33' என்று மட்டும் இருந்தால் ஒரு கணக்கு, ஆறு இலக்கமாக 600033 என்று இருந்தால் இன்னொரு கணக்கு. பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15, ஆறு இலக்கம் இருந்தால் ஸ்டாம்பு அதற்குப் பிந்தையது.

கேள்வி: '1850ல் மயிலாப்பூர் குளம்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றுகிறது. தெப்பக்குளம், பின்னால் முழுசாக நிற்கிற ராஜகோபுரம், குளிக்கிற ஆட்கள் எல்லாம் அழகாக இருக்கிறது. நம்பலாமா?
- வாசகர், மந்தைவெளி

பதில்: படத்தை நம்பலாம், வருடத்தை நம்ப வேண்டாம். குளத்துக்குப் பின்னால் ராஜகோபுரம் முழுசாக நிற்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கபாலீசுவரர் கோயிலின் இந்தக் கோபுரம் 1906ல் எழும்பியது. இதே வேலையை மற்ற இடங்களிலும் செய்யலாம். சிவப்பு ஹைகோர்ட் கட்டடம் தெரிந்தால் 1892க்கு முன்னால் போக முடியாது, மவுன்ட் ரோட்டில் எல்.ஐ.சி. தெரிந்தால் 1959க்கு முன்னால் போக முடியாது. எதிர்ப்பக்கமும் உண்டு. மூர் மார்க்கெட் முழுசாக நின்றால் 1985 தீ விபத்துக்கு முந்தையது, ரோட்டில் டிராம் ஓடினால் 1953க்கு முந்தையது. இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டே வந்தால் பத்து, பதினைந்து வருடத்துக்குள் பிடித்துவிடலாம். பார்வர்டு செய்கிறவர்களுக்கு இதற்கெல்லாம் ஏது நேரம்.

கேள்வி: மிகப் பழைய படங்களில் தெருக்கள் வெறிச்சோடிக் கிடக்கின்றனவே, அப்போது ஜனத்தொகை அவ்வளவு குறைவா?
- மாணவர், தாம்பரம்

பதில்: ஆட்கள் இருந்தார்கள், கேமராவுக்குத்தான் அவர்களைப் பிடிக்கத் தெரியவில்லை. 1858ல் மதராஸ் அரசாங்கத்துக்காக மதுரை, தஞ்சாவூர் பக்கமெல்லாம் படம் எடுத்த கேப்டன் லின்னேயஸ் ட்ரைப் பெரும்பாலும் காகித நெகடிவ்களைத்தான் பயன்படுத்தினார். அதில் ஒளி பதிய நிறைய நேரம் பிடிக்கும். அதற்குள் நடந்து போனவர் பதிவாகவே மாட்டார், கொஞ்சம் தயங்கி நின்றவர் புகை மாதிரி தெரிவார். கோயில் தூண் மட்டும் கல்லாக நிற்கும்.

கேள்வி: பாட்டியின் கல்யாணப் படத்தை ஆப்பில் போட்டுக் கலராக்கலாமா?
- வாசகி, வேளச்சேரி

பதில்: ஆசைக்கு ஒரு பிரதி செய்துகொள்ளுங்கள், ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தைத் தொலைக்காதீர்கள். புடவை அரக்கா பச்சையா என்பது ஆப்புக்கு எப்படித் தெரியும்? அது குத்துமதிப்பாக ஊகிக்கிறது. நிறமாவது பரவாயில்லை, 'தெளிவாக்கு' என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அதுதான் வில்லன். என் பெரியம்மாவின் படத்தைப் போட்டேன், மூக்குத்தியை அழுக்குப் புள்ளி என்று நினைத்துத் துடைத்துவிட்டது. யாரோ ஒரு பெண்மணி அழகாகச் சிரிக்கிறார், பெரியம்மா இல்லை.

கேள்வி: பிரேமுக்குள் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. எடுத்து லேமினேட் செய்துவிடவா?
- வாசகர், பெரம்பூர்

பதில்: இரண்டும் வேண்டாம். பிய்த்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடேயே ஸ்கேன் செய்யுங்கள். லேமினேஷன் ஒருமுறை போட்டால் திரும்ப எடுக்க முடியாது. சென்னைப் புழுக்கத்தில் சுவரோடு ஒட்டி மாட்டாமல், பின்னால் கொஞ்சம் காற்றுப் போக வழி விடுங்கள்.

கேள்வி: கொள்ளுத்தாத்தா நாற்காலியில் மாலையோடு உட்கார்ந்திருக்கிறார், சுற்றிலும் குடும்பமே நிற்கிறது, யார் முகத்திலும் சிரிப்பில்லை. தாத்தாவின் கண்களில் ஏதோ சரியில்லை. என்ன படம் இது? படத்தில் இருப்பவர்களில் பாதிப் பேர் யாரென்றும் தெரியவில்லை. அத்தைக்குத் தெரியலாம், 84 வயது, காது சரியாகக் கேட்காது.
- வாசகர், திருவொற்றியூர்

பதில்: பயப்பட வேண்டாம். அநேகமாக அது அவர் காலமான அன்று எடுத்ததாக இருக்கும். உயிரோடு இருக்கும்போது ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளாதவர்கள் அந்நாளில் ஏராளம், கடைசியாக ஒன்றாவது இருக்கட்டும் என்று குடும்பத்தோடு உட்காரவைத்து எடுப்பார்கள். கண்ணைப் பிறகு ஸ்டூடியோவில் தூரிகையால் வரைவதும் உண்டு, சரியில்லாமல் தெரிவது அதனால்தான் இருக்கும். கூச்சப்பட்டுக் கிழித்துப்போடாதீர்கள், ஒரு தலைமுறையே ஒன்றாக நிற்கிற படம் உங்கள் வீட்டில் வேறு இருக்காது.

அத்தைக்குக் காது கேட்காவிட்டால் என்ன, கண் தெரியும் அல்லவா? படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, ஒவ்வொரு தலைக்கும் மேலே ஒரு நம்பர் எழுதி, கூடவே நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு போங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போகாதீர்கள், தூங்கிவிடுவார். காலைக் காபி நேரம்தான் சரி.