ரெண்டு லிஸ்டும் சமன், ஆனா சாரி 900 ரூபா!

மருதமுனையில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். கைத்தறிக் கடை ஒண்டுக்கு பி.எச்.பி.ல (வெப் பக்கம் செய்யிற புரோகிராம் மொழி) பில் பக்கம் செய்யிறாராம், ஃபோம்ல இருந்து சாமான் பேரெல்லாம் ஒரு அரேயா (லிஸ்ட் மாதிரி), விலையெல்லாம் இன்னொரு அரேயா வருதாம், வெறும் பெட்டிகளை அரே_ஃபில்டர் போட்டு கழட்டிட்டு அரே_கம்பைன்ல ரெண்டையும், பேர் கீ (தேடுற அடையாளம்), விலை வேல்யூ (அதுக்குரிய மதிப்பு) எண்டு சேர்த்தா சில நாள் எரர் வருதாம், சில நாள் எரரே இல்லாம விலை மாறி விழுதாம்.

தம்பி, எரர் வந்தா சந்தோசப்படுங்க. எண்ணிக்கை சமன் இல்லாட்டி பி.எச்.பி. 8ல வேல்யூ எரர் அடிச்சு நிண்டுடும், அதுக்கு முந்தின வேர்ஷன்ல ஒரு வோர்னிங்கோட ஃபோல்ஸ் தரும். மோசம் எரர் வராத நாள்தான்.

இப்பிடிப் பாருங்க, ஃபோம்ல நாலு வரி இரிக்கு: சாரம் 1800, கட்டில் விரிப்புக்கு விலை போடல்ல, சாரி 4500, கடைசி வரியில பேர் இல்லாம 900 மட்டும். ஃபில்டர் பண்ணினா பேர் மூண்டு, விலையும் மூண்டு. சமன்தானே, கம்பைன் வாயே திறக்காது. அது இண்டெக்ஸைப் (எத்தினையாவது வரி எண்ட நம்பர்) பார்க்கிறதில்ல, வரிசையில நிக்கிறதை அப்பிடியே சோடி சேர்க்கும், அதால விரிப்பு 4500, சாரி 900! போதாததுக்கு ஃபில்டரை சும்மா விட்டா விலை 0 எண்டு போட்டதையும் வெறும் பெட்டியெண்டு நினைச்சு தூக்கிடும்.

அதால லிஸ்டுகளை தனித்தனியா துப்புரவாக்காதீங்க. பேர் அரேயை ஃபோரீச்ல (ஒவ்வொண்டா எடுக்கிற லூப்) இண்டெக்ஸோட ($இ) ஓட்டி, அதே இண்டெக்ஸில விலை இரிக்கா எண்டு பார்த்து, ரெண்டும் இரிந்தா மட்டும் போடுங்க:

$பட்டியல்[$பேர்] = $விலைகள்[$இ];

என்னைக் கேட்டா ஃபோமையே மாத்துவன். இன்புட்டுக்கு வரி[0][பேர்], வரி[0][விலை] எண்டு நேம் குடுத்தா ஒவ்வொரு சாமானும் ஒரு சின்ன அரேயா ஒண்டா வரும், குறை வரிகளை முழுசா கழட்டிட்டு மறுகா, எல்லா வரியில இருந்தும் விலையைப் பேரோட எடுத்துத் தாற அரே_கொலம் போட்டா ஒரே வரி:

$பட்டியல் = அரே_கொலம்($வரிகள், 'விலை', 'பேர்');

கவனம், கம்பைன்ல கீதான் முதல், இதுல வேல்யூ முதல், கீ கடைசி. நானே இதுல எத்தினையோ தரம் தலைகீழா எழுதி முழிச்சிரிக்கன்.

இன்னொண்டு, ஒரே பேர்ல ரெண்டு சாரி இரிந்தா கடைசி விலைதான் மிஞ்சும், அதால பேரை விட்டுட்டு கடைக் கோட் நம்பரை கீயா வையுங்க. '12' எண்டா பி.எச்.பி. அதை முழு எண்ணா மாத்திடும், '012' ஸ்ட்ரிங்காவே (எழுத்தாவே) இரிக்கும். எண் கீ உள்ள ரெண்டு பட்டியலை அரே_மேர்ஜ்ல சேர்த்தா நம்பரெல்லாம் 0ல இருந்து புதுசா ஓடி கோட் காணாமப் போயிடும், சும்மா + போட்டு சேருங்க, ரெண்டுலயும் ஒரே கோட் இரிந்தா இடப்பக்கத்து விலை நிக்கும், அதால புது விலைப்பட்டியலை இடப்பக்கம் வையுங்க.