புயல்னா வங்கதேசத்த ஏன் உதாரணமா சொல்றேன்? உங்க கேள்விகளுக்கு பதில்

1970ல அவ்ளோ பேர் செத்தாங்க, இப்ப இல்லயே, புயலோட வேகம் குறைஞ்சிடுச்சா சார்?

அதெல்லாம் இல்லங்க. 1970 போலா புயல்ல குறைஞ்சது 3 லட்சம் பேர், 1991ல கிட்டத்தட்ட 1,38,000 பேர், 2007 சித்ர் புயல்ல சுமார் 3,400 பேர். சித்ரும் லேசுப்பட்ட புயல் கிடையாது. அங்க வங்கக்கடல் புனல் மாதிரி குறுகி ஆழமும் கம்மி ஆயிடும், அதனால காத்த விட கடல் தண்ணி ஊருக்குள்ள பொங்கி வர்றதுதான் ஆளக் கொல்லும். மாறினது ஜனங்க முன்னாடியே கிளம்புறது.

புயல் வந்தா ஜனங்க ஒதுங்க ஷெல்டர் கட்டிட்டா போதும்ல?

இதத்தான் எல்லாரும் கேக்குறீங்க. தூண் மேல கட்டடம், மத்த நாள்ல ஸ்கூல், நல்ல ஐடியாதான். ஆனா ரெண்டு மாட்ட கொட்டாய்ல கட்டிட்டு வர மனசு வருமா, அதுதானே அவங்க சொத்து, அதனால கடைசி வரைக்கும் வீட்லயே இருந்துடுவாங்க. அதுக்குத்தான் "கில்லா"ன்னு மண்ணக் கொட்டி மேடு போட்டு வச்சாங்க, மாட்ட அங்க ஓட்டி விட்டுட்டு வரலாம். அப்புறம் பொம்பளைங்க. 1991ல ஆம்பளைங்கள விட அவங்கதான் ரொம்ப அதிகமா செத்தாங்க, வீட்டுக்காரர் இல்லாம எப்படி கிளம்புறது, இடுப்புல ஒண்ணு கையில ஒண்ணுன்னு புள்ளைங்க, புடவை வேற தண்ணியில கால சுத்திக்கும், போனாலும் அங்க தனி கக்கூஸ் கிடையாது. கக்கூஸ் கட்டுறதும் பேரிடர் மேலாண்மைதாங்க, சிரிக்காதீங்க.

எல்லார் கையிலயும் போன் இருக்கு, இன்னும் எதுக்கு மெகாபோன்?

கரண்ட் போயி டவரும் படுத்துடுச்சுன்னா போன வச்சு டார்ச் தான் அடிக்கலாம். 1972ல ஆரம்பிச்ச புயல் தயார்நிலை திட்டத்துல இன்னிக்கு 76,000 பேருக்கு மேல தன்னார்வலர்கள், பாதிப் பேர் பெண்கள். ஆபத்து கூடக் கூட ஒரு கொடி, ரெண்டு கொடி, மூணு கொடின்னு ஏத்துவாங்க, மெகாபோன்ல கத்திக்கிட்டே தெருத்தெருவா போவாங்க. எல்லாம் அதே ஊர் ஆளுங்க, எந்த வீட்ல நடக்க முடியாத பாட்டி இருக்குன்னு தெரியும். டிவில யாரோ சொன்னா நகராதவன் பக்கத்து வீட்டு அக்கா கதவத் தட்டினா நகருவான்.

நம்ம ஊர் புயல் கூண்டு நம்பரும் அவங்க நம்பரும் ஒண்ணா?

ரெண்டும் வெள்ளைக்காரன் காலத்து துறைமுக சிக்னல்ல இருந்து வந்ததுதான். கப்பலுக்காக போட்டது, "7ம் நம்பர்"னா நெல்லு நட்டவனுக்கு என்ன புரியும்?

கடலோரத்துல இருக்கிற சுந்தரவன அலையாத்திக் காடு புயல தடுத்துடுமாமே?

அலையோட வேகத்தக் குறைக்கும், தடுக்காது. ஆனா வெட்டாதீங்க.

அப்ப பிரச்சன முடிஞ்சுதா?

உயிர் தப்பிச்சிடுது, பொழப்பு தப்பிக்கல. 2009 ஐலா புயல்ல மண் கரை உடைஞ்சு சில இடத்துல வருஷத்துக்கு மேல உப்புத் தண்ணி நின்னுச்சு. வயல்ல நெல்லு வரல, குடிக்கவும் நல்ல தண்ணி இல்ல, நிறைய குடும்பம் குல்னாவுக்கும் டாக்காவுக்கும் கூலி வேலைக்குக் கிளம்பிடுச்சு. அந்தக் கரைய ஒழுங்கா பராமரிக்க காசு ஒதுக்குறதுலதான் இன்னிக்கும் இழுபறி.