அமெரிக்காவில் ஸ்வீப்ஸ்டேக்ஸ் கேசினோ ஆடுவது சட்டப்படி சரிதானா?

ஸ்வீப்ஸ்டேக்ஸ் கேசினோ என்பது நேரடிப் பணத்துக்குப் பதில் தளமே தரும் 'காயின்'களை வைத்து ஆடும் இணையக் கேசினோ. அது சட்டப்படி சரியா என்பது, எந்த மாநிலத்தில் இருந்துகொண்டு ஆடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கலிஃபோர்னியா என்றால் அங்கே இதை நடத்தவே கூடாது. ஆளுநர் நியூசம் 2025 அக்டோபரில் கையெழுத்திட்ட ஏபி 831 சட்டம் 2026 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்துவிட்டது. மொன்டானா, கனெக்டிகட், நியூ ஜெர்சி, நியூயார்க் எல்லாம் 2025லேயே தடைச் சட்டம் போட்டுவிட்டன.

"எங்கள் மாநிலத்தில் தடை இல்லையே, அப்போ சரிதானே?" என்று என் சித்தப்பா மகன் கேட்டான். இல்லை. லூசியானாவைப் பாருங்கள். சட்டமன்றம் நிறைவேற்றிய தடை மசோதாவை ஆளுநர் லாண்ட்ரி 2025 ஜூனில் நிராகரித்துவிட்டார். காரணம், இருக்கிற சட்டமே போதும், இது ஏற்கெனவே குற்றம்தான் என்பது. அதே சமயத்தில் அந்த மாநிலச் சூதாட்ட வாரியம் நாற்பதுக்கும் மேற்பட்ட தளங்களுக்கு நிறுத்தச் சொல்லிக் கடிதம் அனுப்பியது.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றால், பெரும்பாலான மாநிலங்களில் ஒன்றைச் சூதாட்டம் என்று சொல்ல மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும்: ஆடுபவர் பணமோ மதிப்புள்ள எதையோ கொடுக்க வேண்டும், முடிவு அதிர்ஷ்டத்தில் இருக்க வேண்டும், பரிசு கிடைக்க வேண்டும். இந்தத் தளங்கள் முதலாவதைத்தான் இல்லை என்கின்றன. நீங்கள் காசு கொடுத்து வாங்குவது கோல்டு காயின், அதைப் பணமாக்க முடியாது. கூடவே "இலவசமாக" ஸ்வீப்ஸ் காயின் வரும், ஆடி ஜெயித்தால் அதை ஒன்றுக்கு ஒரு டாலர் என்று மாற்றிக்கொள்ளலாம். வாங்காமலே வேண்டும் என்றால் கையால் எழுதித் தபாலில் போட்டும் கேட்கலாம். அதனால் இது சூதாட்டம் இல்லை, மெக்டொனால்ட்ஸ் நடத்தும் பரிசுப் போட்டி மாதிரிதான் என்பது அவர்கள் வாதம்.

எனக்கு அது கொஞ்சமும் ஏற்கவில்லை. பர்கர் வாங்குகிறவருக்கு வேண்டியது பர்கர். இங்கே கோல்டு காயினுக்காக யார் காசு கொடுக்கிறார்கள்? அமெரிக்காவுக்கு இந்த உத்தி புதிதும் இல்லை. இன்டர்நெட் கஃபேயில் கணினி நேரத்தை விற்று, கூடவே குலுக்கல் வாய்ப்பை "இலவசமாக" கொடுத்தார்கள், திரையில் ஓடியது ஸ்லாட் மெஷின். அப்படிப்பட்ட ஆட்டத்துக்கு வட கரோலினா போட்ட தடையை அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2012இல் செல்லும் என்றது, ஃபுளோரிடா 2013இல் அந்தக் கடைகளையே மூடியது.

சரி, ஆடுபவரைப் பிடிப்பார்களா? ஏபி 831 குறிவைப்பது தளம் நடத்துபவர்களையும், தெரிந்தே அவர்களுக்குப் பணப் பரிமாற்றம், மென்பொருள், விளம்பரம் செய்து கொடுப்பவர்களையும்தான். உங்களுக்கு வரும் ஆபத்து வேறு. உரிமம் பெற்ற கேசினோ பணத்தைத் தராவிட்டால் மாநில வாரியத்தில் புகார் கொடுக்கலாம். உரிமமே இல்லாத தளத்தின் மேல் எந்த வாரியத்திடம் போவீர்கள்? தம்பி ஜெயித்த தொகையை ஒரு தளம் அடையாளச் சரிபார்ப்பு என்று சொல்லி வாரக்கணக்கில் பிடித்து வைத்திருந்தது, ஓட்டுநர் உரிமத்தை மூன்று முறை அனுப்பினான், அத்தனை நாளும் அவன் தூங்காமல் தவித்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

உங்கள் கணக்கில் மீதி இருந்தால் இன்றைக்கே எடுக்க விண்ணப்பியுங்கள். தளம் உங்கள் மாநிலத்தை விட்டு வெளியேறினால் எடுப்பதற்குக் கெடு தேதி ஒன்று வைப்பார்கள், அது தாண்டினால் கிடைப்பது கஷ்டம். வாங்கியதற்கான வங்கிப் பதிவுகளையும் பத்திரமாக எடுத்து வையுங்கள்.