கியர் வண்டிக்கு மாறுகிறீர்களா? முதல் பைக் இப்படி இருக்கட்டும்

கேள்வி: ஆறு வருடமாகக் கியர் இல்லாத ஸ்கூட்டர் ஓட்டுகிறேன். வயது 31, உயரம் 157 செ.மீ., எடை 52 கிலோ. இப்போது கியர் பைக் வாங்க ஆசை. "சின்ன வண்டி வாங்கினால் ஆறே மாதத்தில் சலித்துவிடும், நேராக 350 சிசிக்குப் போய்விடு" என்கிறார்கள் நண்பர்கள். எனக்கோ சிக்னலில் நிற்கும்போது வண்டியைச் சாய்த்துவிடுவேனோ என்று பயம். எந்த மாதிரி வண்டியில் தொடங்கலாம்? புதிதா, பழையதா?

பதில்: உங்கள் பயம் சரியான இடத்தில்தான் இருக்கிறது. நண்பர்கள் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வண்டி எப்படிப் போகும் என்று யோசிக்கிறார்கள். நீங்கள் பூஜ்யத்தில் எப்படி நிற்கும் என்று கேட்கிறீர்கள். புதிதாக ஓட்டுகிறவர்கள் வண்டியைக் கீழே போடுவது பெரும்பாலும் நிற்கும்போதோ நடை வேகத்தில் திரும்பும்போதோதான். யு-டர்ன் பாதியில் இன்ஜின் ஆஃப் ஆகும், சிக்னலில் ஊன்றிய கால் மணலில் வழுக்கும், சைடு ஸ்டாண்டைப் போட்டதாக நினைத்து இறங்குவோம். அதனால் முதல் வண்டியிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: நான் தப்பு செய்தால் நீ எவ்வளவு பொறுத்துக்கொள்வாய்?

எடையில் தொடங்குவோம். பைக் நேராக நிற்கும்வரை அதன் எடை கைக்குத் தெரியாது. சாயத் தொடங்கினால்தான் தெரியும், சாயச் சாய வேகமாகக் கூடும். தோராயமாக ஒரு கணக்கு. 180 கிலோ வண்டி 25 டிகிரி சாய்ந்துவிட்டது, நீங்கள் ஹேண்டில்பார் உயரத்தில் அதைப் பிடித்து நிறுத்தப் பார்க்கிறீர்கள் என்றால் கிட்டத்தட்ட 38 கிலோ பாரம் உங்கள் மேல் வரும். 120 கிலோ வண்டியில் அதே சாய்வுக்கு 25 கிலோ. 52 கிலோ உள்ளவர் ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு 38 கிலோவைத் தாங்குவது நடக்கிற காரியமில்லை. 25 கிலோ என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு நொடி சமாளிக்கலாம், பெரும்பாலும் அந்த ஒரு நொடி போதும். உங்களுக்கு என் பரிந்துரை, பெட்ரோலோடு சேர்த்து 110 முதல் 140 கிலோவுக்குள். பெட்ரோலையும் மறக்கவேண்டாம், 12 லிட்டர் என்றால் ஏறக்குறைய ஒன்பது கிலோ. அதுவும் டேங்கில், உயரத்தில் உட்கார்ந்திருக்கும். ஒரே வண்டி டேங்க் நிரம்பிய அன்று கொஞ்சம் முரண்டு பிடிப்பது இதனால்தான்.

அடுத்தது சீட் உயரம். எல்லோரும் விவரப் பட்டியலில் இந்த எண்ணைத்தான் முதலில் தேடுகிறார்கள், ஆனால் அது பாதிதான் சொல்லும். 790 மில்லிமீட்டர் உயரமுள்ள இரண்டு பைக்குகளில் ஒன்றின் சீட் முன்பக்கம் ஒடுங்கியிருந்தால் கால் நேராகக் கீழே இறங்கும். இன்னொன்றின் சீட் அகலமாக இருந்தால் தொடை விரிந்து குதிகால் அந்தரத்தில் நிற்கும். நீங்கள் உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் எவ்வளவு அமுங்குகிறது என்பதும் வண்டிக்கு வண்டி மாறும். அதனால் எப்போதும் போட்டு ஓட்டப்போகும் ஷூவோடு போய் உட்கார்ந்து பாருங்கள். இரண்டு முன்பாதமும் தரையில் நன்றாகப் பதிந்தால் போதும், அல்லது சற்றே நகர்ந்து உட்கார்ந்தால் இடது பாதம் முழுதாகப் பதியவேண்டும். உட்கார்ந்தபடியே வண்டியைக் காலால் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். தள்ள முடியவில்லை என்றால் பார்க்கிங்கில் தினமும் யாரையாவது கூப்பிடவேண்டியிருக்கும்.

உயரம் குறைவு என்பதற்காக மட்டும் ஒரு வண்டியை எடுத்துவிடாதீர்கள். ஹோண்டா ரெபெல் 300-இன் சீட் 690 மில்லிமீட்டர்தான், குட்டையானவர்களுக்கு வரப்பிரசாதம். ஆனால் எடை 165 கிலோ அளவில் இருக்கிறது. கால் நன்றாக ஊன்றுவதால் பலருக்கு அது ஒத்துப்போகிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒருமுறை விழுந்துவிட்டால் தூக்குவது யார்?

இப்போது சிசி. நண்பர்கள் "350" என்கிறார்களே, அந்த எண்ணை வைத்து ஒன்றும் தீர்மானிக்க முடியாது. ராயல் என்ஃபீல்ட் ஹண்டர் 350-இல் 349 சிசி, 20 குதிரைத்திறன், 181 கிலோ. முன்பு வந்த 373 சிசி கேடிஎம் 390 டியூக்கில் 40 குதிரைத்திறனுக்கு மேல், எடையோ அதைவிடக் குறைவு. சிசி கிட்டத்தட்ட ஒன்றே, சுபாவம் முற்றிலும் வேறு. முதலாவது சாது, ஆனால் கனம். இரண்டாவது லேசு, ஆனால் மணிக்கட்டு அசைந்தாலே பாயும். இரண்டுமே நல்ல வண்டிகள்தான், உங்கள் முதல் வண்டி இல்லை. இதனால்தான் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆரம்பநிலை மோட்டார் சைக்கிள் உரிமமான ஏ1, 125 சிசியோடு நிற்பதில்லை. 11 கிலோவாட், அதாவது ஏறக்குறைய 15 குதிரைத்திறன் என்று வரம்பு வைத்து, ஒரு கிலோ எடைக்கு 0.1 கிலோவாட்டைத் தாண்டக்கூடாது என்றும் சேர்த்துக்கொள்கிறது. நீங்களும் அப்படியே பாருங்கள். 10 முதல் 15 குதிரைத்திறன், ஒற்றை சிலிண்டர்.

சக்தி குறைவாக இருந்தால் என்ன லாபம்? வேகமாகப் போகமுடியாது என்பது அல்ல காரணம், 15 குதிரைத்திறனிலும் ஆபத்தான வேகத்துக்குப் போகலாம். காரணம் உங்கள் வலது கையில் இருக்கிறது. ஒரு பள்ளத்தில் வண்டி குதிக்கிறது என்று வையுங்கள். பதறியதும் மனித உடம்பு முதலில் செய்வது பிடியை இறுக்குவது. பைக்கில் அந்தப் பிடியேதான் ஆக்ஸிலரேட்டர். உடம்பு பின்னால் சரியும், மணிக்கட்டு கீழே மடங்கும், ஆக்ஸிலரேட்டர் இன்னும் திரும்பும், வண்டி இன்னும் பாயும், உடம்பு இன்னும் பின்னால் போகும். சின்ன வண்டியில் இந்தச் சுழல் ஒரு சின்னத் துள்ளலோடு அடங்கிவிடும், உங்களுக்குச் சுதாரிக்க அவகாசம் கிடைக்கும். சக்தி அதிகமான வண்டியில் அவகாசம் கிடைப்பதற்குள் எதிர்ச் சுவர் வந்துவிடும். நான் முதலில் எடுத்தது என் தகுதிக்கு மீறிய ஒரு வண்டி. கேட்டைத் தாண்டி வெளியே எடுக்கும்போதே இப்படி ஒரு செடித்தொட்டியை உடைத்தேன். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அதை ஓட்டியதைவிடத் துடைத்ததுதான் அதிகம்.

உங்கள் விஷயத்தில் நான் உண்மையாகவே கவலைப்படுவது இடது கையைப் பற்றி. ஸ்கூட்டரில் இடது லிவர் பின்பிரேக். ஆறு வருடமாக, யாராவது குறுக்கே வந்தால் உங்கள் இரண்டு கையும் சேர்ந்தே இறுகியிருக்கும். கியர் பைக்கில் அந்த இடது லிவர் கிளட்ச். அவசரத்தில் பழக்கம் முந்திக்கொண்டு அதை அழுத்தினால் பின்சக்கரத்தில் பிரேக் விழாது. அது மட்டுமல்ல, இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு விட்டுப்போவதால் இன்ஜின் தரும் இழுவையும் போய்விடும். நின்றுகொண்டிருக்கவேண்டிய நேரத்தில் வண்டி வழுக்கிக்கொண்டு போவதுபோல் இருக்கும். பின்பிரேக் இப்போது வலது காலில். இதை அறிவால் புரிந்துகொள்வது ஒரு நிமிட வேலை, கை மறப்பதற்கு வாரக்கணக்கில் ஆகும். இந்த வாரங்களைத் தாங்கக்கூடிய வண்டிதான் உங்களுக்குத் தேவை. கிளட்ச் லிவர் மிருதுவாக இருக்கட்டும், உங்கள் விரல் எட்டட்டும். விரலின் முதல் மடிப்பு லிவரின் மேல் வசதியாக உட்காரவேண்டும், நுனியால் எட்டிப் பிடிக்கவேண்டியிருந்தால் பத்து சிக்னலுக்குள் கை வலிக்கும். கிளட்சை விட ஆரம்பித்து வண்டி நகரத் தொடங்கும் அந்த இடம் குறுகலாக, சட்டென்று பிடிப்பதாக இல்லாமல் கொஞ்சம் நீளமாக இருந்தால் இன்ஜின் அடிக்கடி ஆஃப் ஆகாது. சமமான இடத்தில் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் கிளட்சை மெதுவாக விட்டாலே நகருமா என்று பாருங்கள். நகர்ந்தால் அது பொறுமைசாலி வண்டி.

கிளட்ச்சே பிடிக்காவிட்டால் இன்னொரு வழியும் உண்டு. 1958-இல் வந்த ஹோண்டா சூப்பர் கப்பில் கியர் உண்டு, கிளட்ச் லிவர் கிடையாது. 2017-இல் அதன் உற்பத்தி பத்துக் கோடியைத் தாண்டியது. உங்கள் ஊரில் அந்த வகை கிடைத்தால் ஓட்டிப் பாருங்கள். ஆனால் கியர் பைக் ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள், ஆசையைக் குறுக்குவழியில் தீர்த்துவைக்க நான் வரவில்லை.

பிரேக்கில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. ஹாரி ஹர்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் தலைமையில் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 பைக் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்து 1981-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். விபத்தில் சிக்கியவர்களில் பெரும்பாலோர் பின்பிரேக்கை மிதித்துச் சக்கரத்தை வழுக்கவிட்டிருந்தார்கள், முன்பிரேக்கை மிகக் குறைவாகவே பிடித்திருந்தார்கள் என்கிறது அது. வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்பிரேக்கினுடையது. பிரேக் பிடித்ததும் எடை முன்சக்கரத்துக்குப் போய்விடும், பின்சக்கரம் லேசாகி எளிதில் வழுக்கும். முன்பிரேக்கைப் பயமில்லாமல் அழுத்த ஒரு புதியவருக்குத் துணிவு தருவது, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ்தான். குறைந்தது முன்சக்கரத்திலாவது இருக்கும் வண்டியை எடுங்கள். இதற்காகப் புளூடூத் மீட்டர், கூடுதல் விளக்கு எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுக்கலாம். ஒரு எச்சரிக்கை: நேராகப் போகும்போது கைகொடுப்பதுபோல, வளைவில் சாய்ந்திருக்கும்போது சாதாரண ஏபிஎஸ் உங்களைக் காப்பாற்றாது.

வடிவத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதுகு நிமிர்ந்து, கை தளர்ந்து உட்காரும் சாதாரண பைக்காக இருக்கட்டும். குனிந்து ஓட்டும் ரேஸ் வகையில் உடம்பின் பாரம் மணிக்கட்டுக்குப் போகும், ஹேண்டிலும் குறைவாகவே திரும்பும், அதனால் யு-டர்னுக்கு இடம் அதிகம் வேண்டும். சுற்றிலும் பிளாஸ்டிக் போர்த்திய வண்டி ஒருமுறை சாய்ந்தாலே செலவு. வெறும் பைக் என்றால் லிவர், கண்ணாடி, இன்டிகேட்டர் இவற்றோடு போகும்.

அதே காரணத்துக்காகத்தான் பழைய வண்டி வாங்கச் சொல்கிறேன். ஏற்கெனவே கீறல் விழுந்த டேங்கில் உங்கள் கீறல் தெரியாது, மனசும் வலிக்காது. ஓரிரு வருடம் ஓட்டி நல்லபடியாக வைத்திருந்தால் போட்ட பணத்தில் கணிசமான பகுதி திரும்பி வரும். பார்க்கப் போகும்போது இன்ஜின் சூடாகியிருக்கக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், குளிர்ந்த நிலையில் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்று தெரியவேண்டும். முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை இருபுறமும் மெதுவாகத் திருப்புங்கள், நடுவில் ஓரிடத்தில் தட்டி நின்றால் அதன் பேரிங் தேய்ந்திருக்கிறது. முன்ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு இருக்கக்கூடாது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். பட்டன் (டயரின் மேல் இருக்கும் ரப்பர் மேடுகள்) நன்றாக இருந்தாலும் ஐந்தாறு வருடம் தாண்டிய டயர் இறுகியிருக்கும், மாற்றும் செலவைப் பேரத்தில் கழித்துக்கொள்ளுங்கள். நல்ல ஏபிஎஸ் வண்டி பழையதில் கிடைக்கவில்லை என்றால் புதிதே வாங்குங்கள், லிவரின் மேல் ஒரு கீறல் விழும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு.

சரி, "ஆறு மாதத்தில் சலித்துவிடும்." அதே ஹர்ட் அறிக்கையில் இன்னொரு விவரம்: விபத்தில் சிக்கியவர்கள் சராசரியாக ஏறக்குறைய மூன்று வருடம் ஓட்டியவர்கள், ஆனால் அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் விபத்து நடந்த அந்த வண்டியை ஓட்டத் தொடங்கி ஐந்து மாதம்கூட ஆகவில்லை. வண்டி கைக்குப் பழகும்வரை அனுபவசாலியும் புதியவர்தான். உங்களுக்கு ஆறு மாதத்தில் சலிப்பு வந்தால் நல்லது, கிளட்சும் கியரும் யோசிக்காமல் வரத் தொடங்கிவிட்டன என்று அர்த்தம். அப்போது விற்றுவிட்டுப் பெரியது வாங்குங்கள், யார் தடுத்தார்கள்?

சின்ன வண்டி சரிப்படாத இடங்களும் உண்டு. தினமும் நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் லாரிகளோடு போகவேண்டும் என்றால் 125 சிசி மூச்சு வாங்கும், பக்கக் காற்றிலும் ஆடும். பின்னால் எப்போதும் ஒருவரை ஏற்றிப் போவீர்கள் என்றாலும் கஷ்டம். அப்படியிருந்தால் 150 - 160 சிசி, 145 கிலோவரை போகலாம். உங்கள் கேள்வியில் இரண்டுமே இல்லை, அதனால் 125-ஐயே சொல்கிறேன்.

வாங்கிய பிறகு ஒரு விஷயம். முதல் ஒரு மாதம் ஸ்கூட்டர் சாவியை வீட்டில் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். காலையில் பைக், மாலையில் ஸ்கூட்டர் என்று மாற்றி மாற்றி ஓட்டினால் இடது கை எதையும் மறக்காது. காலி மைதானத்தில் தினமும் இருபது நிமிடம், இருபது கிலோமீட்டர் வேகத்தில் போய், வலது கையும் வலது காலும் மட்டும் பிரேக் பிடித்து, நிற்கப்போகும் கடைசி நொடியில் கிளட்சை அழுத்தி நிறுத்துங்கள். யாராவது திடீரென்று கைதட்டினாலும் இடது கை முந்தாமல் இருக்கும் நாளில் பெரிய ரோட்டுக்குப் போகலாம்.